ஓட்டாஞ்சில்லும் சுண்ணாம்பும்: ரோமானியர் அடித்த தரை

ரோம் நகரின் தெற்கே, தைபர் ஆற்றின் பழைய படகுத்துறைக்குப் பின்புறம், புல்லும் மரமும் மூடிய ஒரு குன்று நிற்கிறது. சுமார் 35 மீட்டர் உயரமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றளவும் கொண்ட அந்தக் குன்றில் பாறை என்று எதுவும் இல்லை. அடி முதல் உச்சி வரை உடைந்த சாடிகளின் ஓடுகள்தான். ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் நிரம்பி வந்த இருகைப்பிடிச் சாடிகளை, எண்ணெயை வடித்துக்கொண்ட பிறகு உடைத்து, அடுக்கடுக்காகக் குவித்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த வேலையைத் தொடர்ந்து செய்ததில் எழுந்த குன்று அது. அதில் கிடப்பவை சுமார் 5 கோடியே 30 லட்சம் சாடிகளின் சில்லுகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுட்ட மண்ணோட்டுக்கு லத்தீனில் 'தெஸ்தா' என்று பெயர். அதனால்தான் அந்த இடம் இன்றும் மோன்தே தெஸ்தாச்சோ. நம் பேச்சில் சொல்வதானால் ஓட்டாஞ்சில்லு மேடு.

அதே ரோமானியர்கள்தான் உடைந்த மண்பாண்டத்தை இடித்து, சுண்ணாம்புடன் கலந்து, வீட்டுத் தரைக்கும் குளியலறைக்கும் நீர்த்தொட்டிக்கும் பூசியவர்கள். ஓட்டுக்கு அவ்வளவு தேவை இருந்த ஊரில், படகுத்துறைக்குப் பக்கத்திலேயே கிடைத்த கோடிக்கணக்கான சாடிகளை யாரும் தொடாமல் குன்றாகக் கொட்டியது ஏன் என்று கேட்டுப் பார்த்தால், அந்தத் தரை எதனால் நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது என்பதும் சேர்ந்தே விளங்கும். 'பானைக் கழிவில் செய்த தரை' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கழிவு எல்லாமே அந்தத் தரைக்கு ஆகிவிடவில்லை என்பதுதான் உண்மை.

இந்தத் தரையைப் பற்றிய சுருக்கமான குறிப்பு, கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியின் 'இயற்கை வரலாறு' நூலில், மண்பாண்டங்களைப் பேசும் 35ஆம் பகுதியில் வருகிறது. உடைந்த ஓடுகளைக்கூட மனிதன் விட்டுவைக்கவில்லை, அவற்றை இடித்துச் சுண்ணாம்பு சேர்த்தால் முன்னைவிட உறுதியாக நிற்கும்படி செய்துகொண்டான், அதற்குச் 'சிக்னியா வேலை' என்று பெயர், அந்த வகையிலேயே தரைகளையும் அமைக்கக் கண்டுபிடித்தான் என்ற பொருளில் அவர் எழுதிச் செல்கிறார். சிக்னியா என்பது ரோமுக்குத் தென்கிழக்கே லேப்பினி மலைத்தொடரில் உள்ள ஓர் ஊர். பெருங்கற்களைப் பொருத்திக் கட்டிய பழைய மதிலுக்குப் பேர்பெற்ற அந்த ஊருக்கு இன்றைய பெயர் செக்னி. அந்த ஊரின் பெயரால் இந்த வேலை 'ஓப்புஸ் சிக்னீனும்' எனப்பட்டது. இன்றைய இத்தாலியர் இதைக் 'கோச்சோபெஸ்தோ' என்கிறார்கள். கோச்சோ என்றால் சில்லு, பெஸ்தோ என்றால் இடித்தது.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ், சிக்னியா வேலையைத் தம் எட்டாம் பகுதியில் நீர்த்தொட்டி கட்டும் முறையாகச் சொல்கிறார். அங்கே கரடுமுரடான மணலும் உடைத்த கருங்கல்லும் சுண்ணாம்பும் வருகின்றனவே தவிர, ஓடு என்ற பேச்சே இல்லை. ஓட்டுப் பொடி கலந்த தரையை அவர் விவரிப்பது ஏழாம் பகுதியில். அங்கே சிக்னியா என்ற பெயர் இல்லை. ஆகவே தொல்லியலாளர்கள் சிவப்புத் தரை ஒவ்வொன்றுக்கும் 'ஓப்புஸ் சிக்னீனும்' என்று பெயர் சூட்டுவது பிளினியைப் பின்பற்றும் வழக்கமே ஒழிய, பண்டைய கட்டுமானக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட பெயர் அல்ல. பொருள் மாறாத இத்தாலியச் சொல்லையோ, நம் வசதிக்கு 'ஓட்டுக்காரைத் தரை' என்பதையோ பயன்படுத்துவது குழப்பத்தைக் குறைக்கும்.

இதை ரோமானியரின் கண்டுபிடிப்பு என்று சொல்வதும் முழுச் சரியல்ல. இன்றைய துனீசியாவின் போன் முனையில் 1952இல் கண்டறியப்பட்ட கெர்க்குவான் என்னும் ஊர், ரோமின் பகை நகரான கார்த்தேஜைச் சேர்ந்த பியூனிக் மக்களுடையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கைவிடப்பட்டு, அதன்பின் யாரும் குடியேறி மாற்றிக் கட்டாத ஊர் என்பதால், அதன் வீடுகளின் தரை அப்படியே கிடைத்திருக்கிறது. இடித்த ஓடும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்புத் தரை, அதில் ஆங்காங்கே பதித்த வெள்ளைக் கல் துணுக்குகள், ஒரு வீட்டு வாயிலில் அந்தத் துணுக்குகளாலேயே வரைந்த தானித் தெய்வத்தின் குறி ஆகியவற்றை இன்றும் பார்க்கலாம். கார்த்தேஜை அழித்தே தீர வேண்டும் என்று ரோமில் ஓயாமல் முழங்கிய கேட்டோவே, ஆடம்பர வீடுகளைச் சாடும்போது 'பியூனிக் தரை' என்று குறிப்பிட்டதாகப் பிற்கால அகராதிக்காரர் ஒருவர் பதிவுசெய்திருக்கிறார். பகைவர் ஊர்த் தரை அதற்குள் ரோமானியச் செல்வர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சாடலே சான்று.

அதே கேட்டோ, வேளாண்மை பற்றிய தம் கையேட்டில், எண்ணெய் ஆட்டும் அறைக்குத் தரை போடும் முறையைச் சொல்கிறார். சரளையும் சுண்ணாம்பு மணலும் சேர்த்து ஒரு படலம், அதை உலக்கையால் கெட்டிப்படுத்தி அதேபோல மற்றொரு படலம், அதன்மேல் சல்லடையில் சலித்த சுண்ணாம்பு இரண்டு விரற்கடை உயரம், அதன்மேல் காய்ந்த ஓடுகளால் தரை. அமைத்து முடித்ததும் அடி, பிறகு தேய், அப்போதுதான் நல்ல தரையாகும் என்று அவர் கட்டளை போலவே எழுதுகிறார். 'பவிமெந்தும்' என்ற லத்தீன் சொல்லே 'அடித்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. தரை என்றாலே அடித்தது என்று பொருள்படும் மொழியில், வேலையின் உயிர் எதில் இருந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விட்ருவியஸின் விவரிப்பு இன்னும் நுணுக்கமானது. முதலில் நிலத்தைக் கெட்டிப்படுத்தி, கைப்பிடிக்கு அடங்கும் அளவுக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். அதன்மேல் உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்த பருங்காரை வரும். புதுக் கல்லானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, பழைய இடிபாட்டிலிருந்து எடுத்த கல்லானால் ஐந்துக்கு இரண்டு. பத்துப் பத்துப் பேராக ஆட்களை நிறுத்தி, மரத் திமிசுகளால் மீண்டும் மீண்டும் அடித்து, முடிவில் அது முக்கால் அடிக்கு, அதாவது ஏறக்குறைய 22 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்கிறார். முடிவில் எஞ்சும் கனம்தான் கணக்கு. கொட்டும்போது இருந்த கனம் அல்ல. அதற்கும் மேலேதான் நம் ஓட்டுக்காரை வருகிறது: மூன்று பங்கு இடித்த ஓடு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு விரற்கடைக்குக் குறையாத கனம். இன்றைய அளவில் அது சுமார் 11 சென்டிமீட்டர். இதன்மேல் பளிங்கோ வண்ணக் கற்களோ பதிக்கலாம். எதுவும் பதிக்காமல் ஓட்டுக்காரையையே தேய்த்து மெருகேற்றி விடவும் செய்தார்கள். பொம்பேயியின் வீடுகள் பலவற்றில் சிவப்புத் தரையும் அதில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகளும் நாம் காண்பது இந்த வகையைத்தான்.

கலவையின் பதத்தைப் புரிந்துகொள்ள நம் அடுக்களையே போதும். தரைக்கு அடிக்கும் காரை, பூச்சுக் காரையைப் போலக் குழைவாக இருக்கக் கூடாது. புட்டுக்குப் பிசிறும் மாவைப் போல, கையில் பிடித்தால் பிடியாக நிற்கவும் உதிர்த்தால் உதிரவும் வேண்டும். தண்ணீர் கூடிவிட்டால் திமிசு விழும் இடத்தில் குழி விழுந்து பக்கத்தில் பிதுங்கும்; அடி உள்ளே இறங்காது. சரியான பதத்தில் அடித்தால், ஓடு ஓட்டோடு நெருங்கி, இடையில் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்துடன் மேலே எழும்பி, சிவப்புத் தரையின் முகத்தில் வெண்மையாகப் பளபளக்கும். ஓடும் ஒரே அளவில் இருக்கலாகாது. கடலைப் பருப்பு அளவுச் சில்லு, அரிசிக் குருணை அளவு, மாவு அளவு என மூன்றும் கலந்திருந்தால்தான் பெரியதன் இடுக்கைச் சிறியது அடைக்கும். உடைந்துபோன பழைய தரையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இளஞ்சிவப்புக் காரைக்குள் கருஞ்சிவப்புச் சில்லுகள் கிடக்கும், அந்தக் காரையின் இளஞ்சிவப்புக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டு மாவுதான்.

அந்த மாவு செய்யும் வேலை வேறு, சில்லு செய்யும் வேலை வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுட்டு, நீரில் நீற்றினால் கிடைப்பது நீர்த்த சுண்ணாம்பு. மணலுடன் மட்டும் சேர்த்தால் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல வாங்கி மீண்டும் கல்லாக மாறும். காற்றுப் படாத ஆழத்திலும் ஈரம் நிற்கும் இடத்திலும் அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தண்ணீருக்கடியில் நடக்கவே நடக்காது. ரோமானியருக்கு நேப்பிள்ஸ் அருகே பொத்ஸுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பல் இந்தக் குறையைத் தீர்த்தது. சாம்பலில் படிகமாகாத நிலையில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் நேரடியாக வினைபுரிந்து, காற்று இல்லாமலே, நீர் இருந்தாலே இறுகும் பொருளாக மாறும். எரிமலை இல்லாத ஊரில் அந்தச் சாம்பலின் வேலையைச் செய்தது சுட்ட களிமண். ஆற்று மணலோ கடல் மணலோ கொண்டு காரை கலப்பதானால், இடித்துச் சலித்த ஓட்டை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் காரை மேம்படும் என்று விட்ருவியஸ் எழுதியது இதைத்தான். 'சலித்த' என்ற சொல்லை அவர் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வினைபுரிவது மாவுதான், சில்லு அல்ல. சில்லு கல்லின் வேலையைச் செய்கிறது; அத்துடன் தன் நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, காரை இறுகும் நாட்களில் மெல்லக் கசியவிட்டு, அது வெடிக்காமல் காக்கிறது. சில்லின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்க்கும்போது, சுண்ணாம்பு ஓட்டுக்குள் ஊடுருவி வினைபுரிந்த மெல்லிய வளையம் தெரிவதுண்டு; சில்லும் காரையும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த விளிம்பில்தான்.

களிமண்ணைச் சுடும்போது, ஏறக்குறைய 500 முதல் 600 பாகை செல்சியசைத் தாண்டியதும், அதன் படிக அமைப்பில் பிணைந்திருந்த நீர் வெளியேறி, அமைப்பு கலைந்து, எதனுடனும் வினைபுரியத் துடிக்கும் நிலைக்கு மண் வந்துவிடும். சுமார் 800 பாகை வரை அந்தத் துடிப்பு நன்றாக இருக்கும். 900, 1000 என்று மேலே போகப்போக மண் புதிய படிகங்களாகக் கட்டிக்கொண்டு, கல்லைப் போலச் செயலற்றுவிடும். சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்ற ஒலி வந்தால் எடுத்துக்கொள்வார். தரை அடிப்பவருக்கு மாவாக்கத் தோதானது அந்தப் பானை அல்ல, மந்தமாக ஒலிக்கும் அரைவேக்காட்டுப் பானை. சூளையில் தீ அதிகமாகி உருகிக் கோணி, பச்சையும் கருப்புமாகக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட கழிவு, குயவருக்கு எவ்வளவு பயனற்றதோ காரைக்கும் மாவாக அவ்வளவு பயனற்றது. சில்லாகப் போடலாம், அவ்வளவுதான். வேகாமல் போனதும் உதவாது. 500 பாகையைத் தொடாத மண் தண்ணீரில் மீண்டும் களியாகக் கரைந்து தரையைக் கெடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஓடே தரைக்கான ஓடு. நடைமுறையில் அதற்கு மிகவும் தோதாக வந்தது சமையல் பானையைவிடக் கூரை ஓடும் செங்கல்லும்தான். ஆகவே 'பானைக் கழிவுத் தரை' என்று பெயர் பெற்ற பலவற்றை வெட்டிப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் கிடப்பது பழைய வீடுகளின் கூரை.

இனி அந்தக் குன்றுக்குத் திரும்பலாம். எண்ணெய்ச் சாடிகள் காலியாகவே சுமார் 30 கிலோ எடையும், 70 லிட்டர் அளவு கொள்ளும் தடித்த வயிறும் கொண்டவை. வழி நெடுக எண்ணெய் நிரம்பி வந்ததில் அந்தச் சுவரில் எண்ணெய் ஊறிப்போயிருக்கும். சுண்ணாம்பும் எண்ணெயும் சந்தித்தால் உண்டாவது ஒருவகை சோப்பு. அது ஓட்டின் துளைகளை அடைத்து நீரை விரட்டும். காரையின் பிடிப்பும் குலையும். மது வந்த சாடிகளும் பிறவும் உடைந்து கட்டடங்களுக்குள் போயிருக்க, எண்ணெய்ச் சாடிகள் மட்டும் இத்தனை பெரிய அளவில் ஒதுக்கப்பட்டதற்கு ஆய்வாளர்கள் முக்கியமாகச் சொல்லும் விளக்கம் இதுவே. வளைந்து தடித்த அந்த ஓட்டை உடைப்பது கடினம் என்பதும், திரும்ப எண்ணெய் ஊற்றினால் உள்ளே ஊறியது சிக்குப்பிடித்துப் புது எண்ணெயைக் கெடுக்கும் என்பதும் துணைக் காரணங்கள். சாடிகளைக் குவிக்கும்போது இடையிடையே சுண்ணாம்பைத் தூவியிருப்பதும் அகழாய்வில் தெரிந்திருக்கிறது. சிக்கு நாற்றத்தை அடக்கத்தான் அது. சுண்ணாம்பும் ஓடும் அங்கேயும் சந்தித்தன, தரையாக மட்டும் ஆகவில்லை.

இத்தனைக்கும் எண்ணெய் அந்தத் தரைக்கு எப்போதும் பகை அல்ல. திறந்த வெளித் தரையைப் பற்றிப் பேசும்போது, பருங்காரையிலும் மூன்றில் ஒரு பங்கு ஓட்டைச் சேர்க்கச் சொல்லும் விட்ருவியஸ், பத்து அடிக்கு இரண்டு விரற்கடை வாட்டம் வைக்கச் சொல்கிறார். கணக்கிட்டால் மீட்டருக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் சரிவு, இன்றைய மொட்டைமாடிக்குக் கொத்தனார் வைக்கும் வாட்டத்துக்கு ஏறக்குறைய அதே அளவு. அத்துடன், ஆண்டுதோறும் குளிர்காலம் வருமுன் ஆலிவ் எண்ணெய்க் கசடைத் தரையில் ஊறவிட வேண்டும், அப்போதுதான் உறைபனி உள்ளே இறங்காது என்கிறார். இறுகும்முன் ஓட்டுக்குள் இருந்தால் தரையைக் கெடுக்கும் எண்ணெய், இறுகி முடித்த தரையின் முகத்தில் விட்டால் அதே சோப்புப் படலத்தை மேலே உண்டாக்கி நீரைத் தடுக்கிறது. வேலையின் வரிசை மாறினால் மருந்தே நஞ்சாகிவிடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டுமான உதாரணம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

விட்ருவியஸ் சொல்லும் இன்னொரு தரையையும் விட்டுவிட மனமில்லை. குளிர்கால உணவறைக்குக் கிரேக்கர்கள் போடும் தரை அது. இரண்டு அடி ஆழம் தோண்டி, நிலத்தைக் கெட்டித்து, வடிகாலை நோக்கிச் சரிவாக உடைகல் அல்லது ஓட்டுத் தளம் அமைத்து, அதன்மேல் கரியை மிதித்துப் பரப்பி, மணலும் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்த காரையை அரை அடிக்கு இட்டுத் தேய்த்தால் கருந்தரை கிடைக்கும். விருந்தில் சிந்திய மது விழுந்த இடத்திலேயே உலர்ந்துவிடுமாம். வெறுங்காலோடு பரிமாறும் பணியாட்களுக்குக் குளிரும் தெரியாதாம். பண்டைய கட்டட நூல் ஒன்றில் பணியாளின் பாதத்தைப் பற்றி ஒரு வரி வருவது அபூர்வம்.

தரையைவிட நீர்த்தொட்டியில்தான் ஓட்டுக்காரை அதிகமாகச் சோதிக்கப்பட்டது. நேப்பிள்ஸ் வளைகுடாவின் மிசேனும் துறையில் ரோமானியக் கடற்படை இருந்த இடத்துக்கு அருகே உள்ள 'பிஷீனா மிராபிலிஸ்' என்ற நிலத்தடித் தொட்டி, 48 தூண்களுடன் சுமார் 12,600 கன மீட்டர் நீர் கொள்ளும். உட்புறம் முழுவதும் ஓட்டுக்காரைப் பூச்சு. சுவரும் தரையும் சந்திக்கும் மூலைதான் கசிவு தொடங்கும் இடம் என்பதால், இத்தகைய தொட்டிகளிலும் குளியலறைகளிலும் அந்த மூலையில் கால்வட்டமாகக் காரையைத் திரட்டி வைப்பார்கள். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரின் அடியில் நம் கொத்தனார்கள் சரிவாகக் காரை அணைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

மேற்கு ரோமப் பேரரசு போன பிறகும் கலவை போகவில்லை. 532 முதல் 537 வரை கட்டப்பட்ட கான்ஸ்டாண்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) ஹகியா சோஃபியா பேராலயத்தில், செங்கல்லின் கனத்துக்கு ஈடாகவே அகன்று நிற்கும் காரை அடுக்குகளில் கலந்திருப்பது இடித்த செங்கல். உஸ்மானியத் துருக்கியர் அதே கலவையை 'ஹோராசான் காரை' என்று அழைத்தார்கள். தரையாக அது மிக நன்றாக வாழ்ந்த இடம் வெனிஸ். உப்பங்கழியின் சேற்றில் மரக்கம்பங்களின்மேல் நிற்கும் அந்த ஊர்க் கட்டடங்கள் ஓயாமல் சிறிது சிறிதாக அமிழ்பவை. கெட்டியான கல் தரையை அங்கே பதித்தால் விரிசல் நிச்சயம். மர உத்திரங்களின்மேல் இடித்த கூரை ஓடும் சுண்ணாம்பும் கலந்து அடித்த 'பாஸ்தெல்லோனே' என்ற ஒருவண்ணத் தரையும், அதில் பளிங்குச் சில்லுகளைத் தூவித் தேய்த்த தெராத்சோ தரையும், கட்டடம் அசையும்போது சற்று வளைந்துகொடுக்கும். வேலை முடிந்ததும் ஆளி விதை எண்ணெய் தேய்த்து ஊறவிடுவார்கள். கேட்டோவின் எண்ணெய் அறையிலிருந்தும் விட்ருவியஸின் கசடிலிருந்தும் அது வெகுதூரம் வந்துவிடவில்லை. அந்தக் கைத்தொழிலை நடத்தியவர்களில் பெரும்பாலோர் வெனிசுக்கு வடகிழக்கே உள்ள ஃபிரியூலி மாவட்டத்தார். அங்கே ஸ்பிலிம்பெர்கோ ஊரில் 1922இல் தொடங்கிய பதிகல் கலைப்பள்ளி இன்றும் நடக்கிறது.

இந்தியாவில் இதே கலவைக்குப் பெயர் சுர்க்கி. சிவப்பைக் குறிக்கும் 'சுர்க்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையைப் பற்றித் தமிழ் நாளிதழ் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். அது சுட்ட மண்ணின் பொடி தண்ணீருக்குள் செய்யும் வேலையை நம்பி எழுப்பிய அணை. ஓட்டுக்காரைத் தரைக்கு இன்னும் நெருங்கிய உறவு பழைய சென்னை வீடுகளின் மேல்தளம். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே போவார்கள். விட்ருவியஸைப் படித்த ஒருவர் சென்னைக்கு வந்து சொல்லிக்கொடுத்த வேலை என்று இதை எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், நம்மவரே உலகுக்குக் கற்பித்தார்கள் என்று மார்தட்டவும் வேண்டாம். சூளையும் காளவாயும் அருகருகே எரிந்த ஊர்களில், உடைந்த ஓடும் சிந்திய சுண்ணாம்பும் மழையில் சேர்ந்து இறுகியதைக் கண்ணுள்ளவர் எவரும் கவனித்திருக்க முடியும்.

1824இல் இங்கிலாந்தில் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டு, அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் அது எல்லா இடங்களிலும் பரவியபோது ஓட்டுக்காரை தோற்றதற்குக் காரணம், அது மட்டமானது என்பதல்ல. சிமெண்ட் ஒரே இரவில் இறுகும். பத்துப் பேர் திமிசு அடிக்க வேண்டியதில்லை. தோற்றது கலவை அல்ல, அதற்குள் இருந்த கூலி. பழைய ஓட்டுக்காரைத் தரையில் விழுந்த குழியைச் சிமெண்டால் அடைத்தபோதுதான் இரண்டின் குணமும் வேறு என்பது புரிந்தது. கெட்டியான சிமெண்ட் ஒட்டு அசையாமல் நிற்க, சுற்றிலும் உள்ள மென்மையான காரை அதனுடன் உரசி விளிம்பு விளிம்பாகப் பெயர்ந்துவிடும். சிமெண்டில் உள்ள உப்பும் ஈரத்துடன் பழைய காரைக்குள் பரவிப் பொரியவிடும். இப்போது அழகுக்காக இந்தத் தரை மீண்டும் கேட்கப்படுகிறது. ஆனால் கடையில் விற்கும் சிவப்புப் பொடியில் பல, 1000 பாகைக்கு மேல் வெந்த இன்றைய ஆலை ஓட்டை அரைத்தவை. நிறம் வரும், வினை வராது. நிறத்துக்காக மட்டும் அதைக் கலப்பவர்கள் ஓட்டுக்காரைத் தரை போடவில்லை, சிவப்புச் சாயம் பூசிய சுண்ணாம்புத் தரை போடுகிறார்கள் என்பது என் கருத்து.

வேதியியலின் பக்கம் மட்டும் காற்று திரும்பியிருக்கிறது. அரைத்தால் சிமெண்டாகும் கட்டியைச் சுட 1,450 பாகை வேண்டும். அந்தச் சூட்டாலும், சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவாலும் உலகுக்கு நேரும் சுமை பெரிது. அந்தக் கட்டியில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 700 முதல் 850 பாகையில் சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கும் புதுவகை சிமெண்டை சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களுடன் சேர்ந்து டெல்லி, சென்னை ஐஐடிகளும் ஆராய்ந்து வருகின்றன. அந்தச் சூளையின் சூடு, பழைய குயவர் சூளையின் சூட்டை மிகவும் ஒத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பட்டியலிலும் சுட்ட மண்ணுக்கு இரண்டு இடங்கள் உண்டு: வினைபுரியும் பொடிக்கு 1344ஆம் எண் விதி, சுண்ணாம்புக் காரையில் மணலுக்குப் பதிலாகச் சேரும் செங்கல் குருணைக்கு 3182ஆம் எண் விதி. சலித்த ஓட்டையும் சலிக்காத ஓட்டையும் விட்ருவியஸ் பிரித்த இடத்தில்தான் அவையும் பிரிகின்றன.